வேலை கற்றுக்கொடுப்பவரே மானேஜர்

பரீட்சை முடிவு வந்துவிட்டால் மணப்பட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சு: "பிள்ளையை என்ன படிக்க வைப்பது?"

"கம்ப்யூட்டர் என்ஜினீயர்" என்கிறார் அப்பா. அம்மா கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்க்கிறாள். சென்டாக் பட்டியலில் பெயர் வருமா, பாங்கியில் கடன் கிடைக்குமா, கன்னியக்கோயிலில் பஸ் பிடித்தால் நேரத்துக்குக் கல்லூரி போய்ச் சேர முடியுமா என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். ஒன்றை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. வேலையில் சேர்ந்த பிறகு பிள்ளைக்கு வேலை கற்றுக்கொடுக்கப் போகிறவர் யார்?

கல்லூரியிலேயே எல்லாம் கற்றுவிட மாட்டானா? மாட்டான். கரையில் நின்றபடியே கடல் தொழிலைக் கற்றவன் உண்டா? படகில் ஏறி, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் வேலையும் அப்படித்தான்.

கம்ப்யூட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று வரி வரியாகக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைத் தொகுப்புக்குத்தான் சாப்ட்வேர் என்று பெயர். பெரிய வேலையாக இருந்தால் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து எழுதுவார்கள். அவர்களுக்கு ஒரு மானேஜர் இருப்பார்.

புதிதாகச் சேர்ந்தவன் எழுதியதை அனுபவசாலி ஒருவர் படித்துப் பார்ப்பார். சரி என்று அவர் சொன்ன பிறகே அது மற்றவர்கள் எழுதியதோடு சேரும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. "தப்பு, மாற்று" என்று அவர் எழுதி அனுப்பலாம். பையன் மாற்றிவிடுவான். ஆனால் ஏன் தப்பு என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அதே தப்பு மறுபடியும் வரும். "இந்த இடத்தில் ஒருவர் தம் வயதை எழுதாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? யோசித்துப் பார்" என்று எழுதினால்? பையன் யோசிப்பான். யோசிக்கப் பழகிவிடுவான். இப்படி எழுத ஐந்து நிமிடம் அதிகம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காதவரை மானேஜர் என்று அழைப்பது வீண்.

இதைச் செய்து காட்டிய தமிழர் ஒருவர் நம் காலத்திலேயே இருக்கிறார். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-ல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1996-ல் சகோதரர்களுடனும் நண்பர்களுடனும் சேர்ந்து ஒரு சாப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். இன்று அதன் பெயர் ஜோஹோ.

இத்தனை படித்தவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கல்லூரியில் வாங்கிய மார்க்குக்கும் வேலையில் காட்டும் திறமைக்கும் பெரிய சம்பந்தம் தெரியவில்லை! சரி, பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. கம்பெனிக்கு உள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 2005-ஆம் ஆண்டு வாக்கில் ஆறே மாணவர்கள். பிளஸ்-2 படித்தவர்களும் டிப்ளமா படித்தவர்களும் சேர்ந்தார்கள். கணக்கு, ஆங்கிலம், கட்டளை எழுதும் வித்தை ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பளம் கட்ட வேண்டாம். படிக்கும்போதே மாதாமாதம் உதவித் தொகை. இரண்டு வருடம் படித்தபின் அங்கேயே வேலை. இன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே என்ஜினீயர்களாக இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் கல்லூரியை விட்டு ஓட வேண்டாம். அங்கே இடம் கொஞ்சம், போட்டி அதிகம். பட்டம் கேட்கும் உத்தியோகங்கள் இன்னும் ஏராளம். பட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை விட்டுவிடுவோம். பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருந்தார்கள். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

2019-ல் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்துக்கே குடிவந்துவிட்டார். வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் முதலாளி! மறு வருடம் கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். அது வளர்ந்து ஒரு பள்ளிக்கூடம் ஆயிற்று. 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பதவியை விட்டு, ஆராய்ச்சி வேலைக்குப் போய்விட்டார்.

தவறு நேரும்போது யார் முன்னால் நிற்பது?

கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. கற்கிறவன் தவறு செய்வான். அப்போது என்ன செய்வது?

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் புறப்படத் தயார். பொறுப்பாளர் ராமேசுவரத்து அப்துல் கலாம். புறப்படச் சில நிமிடங்களே இருந்தபோது, "நிறுத்து" என்றது கம்ப்யூட்டர். "பயமில்லை, அனுப்பலாம்" என்றார்கள் நிபுணர்கள். கலாம் கம்ப்யூட்டரை மீறி அனுப்பினார். ராக்கெட் கடலில் விழுந்தது. மணப்பட்டுக்காரர்கள் தினமும் பார்க்கிறார்களே, அதே வங்கக் கடலில்தான்.

பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கலாம் கூனிக் குறுகி நின்றார். அவருடைய தலைவர் சதீஷ் தவான் முன்னால் போய் உட்கார்ந்தார். தோல்விப் பொறுப்பைத் தாமே ஏற்றார். மறு வருடம், 1980 ஜூலை 18-ல், அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை வானில் சேர்த்தது. அன்று தவான் பின்னால் நின்றுகொண்டார். "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பினார். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

நல்ல சாப்ட்வேர் கம்பெனிகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஏதாவது கெட்டுப்போனால், "யார் செய்தது?" என்று முதலில் கேட்பதில்லை. "என்ன நடந்தது? மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். கணக்கில் 30 மார்க் வாங்கி வந்த பிள்ளையை நம் வீட்டில் என்ன கேட்கிறோம்? அதை அவரவர் நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது இன்னொரு சங்கடமும் வந்திருக்கிறது. கட்டளை எழுதும் இயந்திரமே வந்துவிட்டது. "சின்ன வேலையை அது செய்துவிடும்போது புதுப் பிள்ளைகள் எதற்கு?" என்று கேட்கும் முதலாளிகளும் உண்டு. இன்று புதியவனைச் சேர்க்காவிட்டால் பத்து வருடம் கழித்து அனுபவசாலிக்கு எங்கே போவார்கள்? நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிடுவது போல இருக்கிறது இது.

பாகூர் வட்டாரத்துக்குக் கல்வி புதிதல்ல. 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1879-ல் கிடைத்த செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. அது எல்லாருக்கும் திறந்த பள்ளி அல்ல. வடமொழிக் கல்விக்கான சாலை. இருந்தாலும், கற்றுக்கொடுப்பவர்களுக்கு ஊர் வருமானத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள்!

இன்று மூன்று ஊர் வேண்டாம். பாகூரில் ஒரு கூடம், பத்துக் கம்ப்யூட்டர், படிக்கும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொஞ்சம் உதவித் தொகை போதும். சென்னைக்கு அனுப்ப அஞ்சி வீட்டில் நிறுத்தப்படும் பெண்பிள்ளைகள் முதலில் வந்து சேருவார்கள். புதுச்சேரி அரசாங்கம் மனம் வைத்தால் இது பெரிய செலவல்ல.

கற்றுக்கொடுக்க ஆள்? இந்தப் பக்கத்தில் பிறந்து சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது கேட்டுப் பார்க்கலாமே.