காரில் 4,000 ஸ்பாட் வெல்டு: சாஃப்ட்வேர் 'ஓகே' சொன்னா போதுமா?

ஷோரூமுக்கு கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் செய்வது, கதவைச் சாத்திப் பார்ப்பதுதான். 'டப்'னு கனமா சத்தம் வந்தா, "பாடி ஸ்ட்ராங்" என்று முடிவாகிவிடும். அடுத்து, எத்தனை ஸ்டார் என்ற கேள்வி. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை விலக்கிப் பார்ப்பவர்கள் அரிது. அங்கே வரிசையாகச் சின்ன வட்டக் குழிகள் இருக்கும். அவைதான் ஸ்பாட் வெல்டுகள். ஒரு காரில் சுமார் 3,000 முதல் 5,000 வரை உண்டு. மோதலின்போது பாடி பிரியாமல் இருக்க இவை தாங்க வேண்டும்.

எப்படி ஒட்டுகிறது?

இரண்டு ஸ்டீல் தகடுகளைச் செம்பு முனைகளால் ரோபோ இறுக்கிப் பிடிக்கும். சுமார் 10,000 ஆம்பியர் மின்சாரம், கால் விநாடிக்கும் குறைவாகப் பாயும். தகடுகள் சேரும் இடத்தில் மின்தடை அதிகம் என்பதால் அங்கே ஸ்டீல் உருகி, பிறகு உறைந்து, பட்டன் மாதிரி ஒரு கட்டியாகும். இதற்குப் பெயர் நக்கெட். 1 மி.மீ. தகட்டில் இது குறைந்தது 4 மி.மீ. அகலம் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி.

சிக்கல் என்னன்னா, நக்கெட் தகடுகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. சரியாக உருகாமல் சும்மா ஒட்டிக்கொண்ட வெல்டும் வெளியே அதே வட்டக் குழிதான்.

பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

பழைய வழி, பிய்த்துப் பார்ப்பது. நல்ல வெல்டு என்றால் தகடு கிழிந்து, நக்கெட் மறுபக்கத்தில் பட்டனாக நிற்கும். ஆனா அந்த பாகம் ஸ்கிராப். அல்ட்ராசோனிக் கருவியால் பிரிக்காமலே பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு காரிலும் எல்லா வெல்டையும் அப்படிப் பார்க்க நேரம் இருக்காது.

புது வழி, கணிப்பது. வெல்டு ஆகும்போதே மின்தடை மாறுவதை கன்ட்ரோலர் பதிவு செய்யும். சாதாரண ஸ்டீலில் அது முதலில் சரியும், சூடு ஏற ஏற உயரும், நக்கெட் வளரும்போது மறுபடி இறங்கும். இந்த வளைவிலிருந்து நக்கெட் அளவை சாஃப்ட்வேர் கணித்து, ஒவ்வொரு வெல்டுக்கும் தீர்ப்பு சொல்லும். நல்ல முன்னேற்றம்தான்.

'99.5% துல்லியம்' எதைச் சொல்லாது?

1,000 வெல்டில் 5 மோசம் என்று வைத்துக்கொள்வோம். எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'ஓகே' சொல்லும் சாஃப்ட்வேருக்கும் 99.5% துல்லியம் கிடைத்துவிடும்! பிடிக்க வேண்டிய ஐந்தில் ஒன்றைக்கூட அது பிடித்திருக்காது. அதனால், துல்லியம் எவ்வளவு என்பதைவிட, மோசமானதில் எத்தனையைத் தவறவிட்டது என்பதே சரியான கேள்வி.

ஒரு வெல்டு போனா கார் உடைஞ்சிடாது. ஆனால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தனியாக வருவதில்லை. செம்பு முனை தேய்ந்து அகலமானால், மின்சாரம் பரவி நக்கெட் சிறுத்துவிடும். முனையைச் சீவாமல் விட்டால், அடுத்தடுத்த கார்களில் அதே இடங்கள் வரிசையாகப் பலவீனமாகும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் தரும் ஸ்டார், சோதனையில் மோதவிட்ட கார்களை வைத்துத் தரப்படுவது. ஏதோ ஒரு நாள் முனை தேய்ந்த கதை அதில் தெரியாது.

பிய்ப்பதை நிறுத்தக் கூடாது

லேபில் சுத்தமான தகடுகளில் பழகிய சாஃப்ட்வேரை, லைனில் பல விஷயங்கள் ஏமாற்றலாம்: தகடுகளுக்கு நடுவே இடைவெளி, துத்தநாகப் பூச்சில் ஏற்ற இறக்கம், பக்கத்து வெல்டு வழியே பிரிந்து போகும் மின்சாரம். ஆகவே, அது 'ஓகே' சொன்ன வெல்டுகளிலும் சிலவற்றை முறையாகப் பிய்த்துப் பார்த்து, கணிப்பைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் வெட்டப்படுவது இந்தச் சோதனையாக இருக்கக் கூடாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை பார்க்கும் இளம் இன்ஜினீயர்களுக்கு இது அன்றாட விஷயம். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும் நாளிலும், "ஒண்ணைப் பிய்ச்சுப் பார்த்துடலாம்" என்று சொல்பவரின் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்க வேண்டும்.