வானத்தைத் தீட்டுவது தப்பியோட்டமா?

கடலையும் வானத்தையும் நாள்தோறும் தீட்டும் ஓவியனைச் சமூகத்தைக் காண மறுத்து ஓடியவன் எனக் கூறும் வழக்கம் நமது விமர்சன அரங்குகளில் வேரூன்றிவிட்டது. மக்கள் துயருறும்போது முகிலுக்கு எதற்கு ஓவியம் என்று வினவுகின்றனர். வினா நியாயமானது போலத் தோன்றும். ஆயினும், இவ்வோவியர் உண்மையில் என்ன செய்தனர் என்பதை ஆராயாமலே அது தீர்ப்பளித்துவிடுகின்றது.

ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்ரபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில், இலண்டனை அடுத்த ஹம்ஸ்ரெட் மேட்டில் நின்று முகில்களைத் தொடர்ந்து தீட்டினார். கடதாசியில் எண்ணெய் வர்ணத்தால் விரைந்து தீட்டிய அச்சிறு படங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்று வீசிய திசை என்பவற்றைக் குறித்து வைத்தார். அவர் தானிய ஆலை உரிமையாளர் ஒருவரின் மகன். இளமையில் ஆலையிலே வேலையும் செய்தவர். காற்றாலைக்காரனுக்கு வானம் வெறும் அழகுப் பொருளன்று. அன்றைய வேலை அதிலேயே தங்கியுள்ளது.

பிரான்சின் ஒன்பிளேர் துறைமுகத்தில் 1824இற் பிறந்த யூஜென் பூதான் கடலோடி ஒருவரின் மகன். அவரும் கடலையும் வானையும் பஸ்ரல் வர்ணத்தில் தீட்டி, நாளையும் நேரத்தையும் காற்றையும் குறித்தார். அக்குறிப்பைக் கையால் மறைத்தாலும் பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்ற கருத்தைக் கவிஞர் பொதலேயர் 1859இல் வெளியிட்டார். இளைஞரான மொனேயைத் திறந்த வெளியில் தீட்டத் தூண்டியவரும் பூதானே.

இவர்களா தப்பியோடியவர்கள்? யதார்த்தம் யதார்த்தம் என முழங்கும் நாம், இதனினும் கண்டிப்பான யதார்த்தப் பயிற்சி ஒன்றைக் காட்ட முடியுமா? இவை முழுமை பெற்ற ஓவியங்களல்ல, பயிற்சிகளே எனலாம். பொதலேயரும் அவ்வாறே கருதினார். ஆனால் பயிற்சியின்றி முழுமை எங்கிருந்து வரும்? கொன்ஸ்ரபிளின் பெரிய ஓவியங்களிலே படகுத் தொழிலாளரும் வண்டிக்காரரும் உழைப்பது, அவர் கற்றறிந்த வானத்தின் கீழேயே.

மெய்யான தப்பியோட்டம் வேறிடத்தில் உண்டு. செஞ்ஞாயிறு, சாய்ந்த தென்னை, தனித்த தோணி என்று கலண்டர் அட்டையிலிருந்து பெயர்த்தெடுத்த மாலைக் காட்சி ஒருபுறம். எப்போதும் சிவந்தே கிடக்கும் எழுச்சிப் படங்களின் வானம் மறுபுறம். இரண்டும் பாராமலே தீட்டப்பட்டவை. நானும் மாணவர் கண்காட்சி ஒன்றுக்கு இத்தகைய சிவந்த வானமொன்றைத் தீட்டிப் பாராட்டுப் பெற்றவன். அது எந்நாள், எந்நேரம், எக்காற்று என எவரும் கேட்கவில்லை. கேட்டிருப்பின் என்னிடம் விடை இருந்திராது.

முகிலை உள்ளவாறு காணச் சோம்பும் கண், மனிதன் முகத்தை மட்டும் உள்ளவாறு காணும் என்பதற்கு என்ன உறுதி? தீட்டிய பொருள் கடலா, மக்களா என்பதை மட்டும் கொண்டு ஓவியனை எடைபோடும் விமர்சனத்தை இனியேனும் கைவிடுவோம். அவன் பார்த்துத் தீட்டினானா என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வியாகும்.