பனிமலை நாயும் நார்த்மீட் வெயிலும்

மகாபாரதக் கதையைப் பிள்ளைகளுக்குக் கூறும்போது நாம் பெரும்பாலும் குருசேத்திரப் போரோடு நிறுத்திவிடுகின்றோம். அதன் பின்னர் ஒரு பயணம் உண்டு. அரசைத் துறந்த பாண்டவர் ஐவரும் திரௌபதியும் இமயமலையை நோக்கி நடந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஒரு நாயும் நடந்தது. வழியிலே திரௌபதியும் தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். எஞ்சியவர் தருமரும் அந்த நாயுமே. தேரோடு வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு விண்ணுலகுக்கு வருமாறு தருமரை அழைத்தான். தம்மை நம்பி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என்று தருமர் மறுத்தார். அறக்கடவுளே அந்த நாயின் வடிவில் வந்திருந்தார் என்பது கதையின் முடிவு.

இக்கதையை இம்மலரில் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. நார்த்மீட்டிலும் அதன் சுற்றாடலிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று நாய் வளர்கின்றது. நாய் வேண்டும் என்று முதலில் கேட்பவர்கள் பிள்ளைகள். வேண்டாம் என்று முதலில் மறுப்பவர்கள் பெற்றோர். ஈற்றில் நாய் வந்துவிடுகின்றது. ஆனால் அதனை நாள்தோறும் நடத்திச் செல்பவர் யார், எவ்வாறு நடத்திச் செல்வது என்பவை பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. அதனைப் பேச வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்திலோ தமிழகத்திலோ வளர்ந்த பெற்றோருக்கு இது பழக்கமற்ற விடயம். அங்கே நாய் வாசலில் காவல் காக்கும். மிஞ்சிய சோற்றை உண்ணும். ஒழுங்கையில் தன் விருப்பப்படி உலாவி வீடு திரும்பும். கழுத்துப்பட்டி கட்டி, வாரைப் பிடித்து, காலையும் மாலையும் அதனை நடத்திச் செல்லும் வழக்கம் மிக அரிது. ஆயினும் நாயின் அன்பை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பழகிய பாகனையே கொல்லும் யானையைவிட, எய்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயின் நட்பே உயர்ந்தது என்பது நாலடியார் காட்டும் கருத்து. அத்தகைய உயிருக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன?

இன்று பிள்ளைகள் பலர் விரும்பிக் கேட்பது, திரைப்படங்களில் பனிவண்டி இழுக்கும் நீலக்கண் நாயான சைபீரியன் ஹஸ்கி. அந்த நாய் எந்த நிலத்துக்கு உரியது என்பதை முதலில் அறிதல் நன்று. பனிநிலத்தில் நாயோடு நடந்தவர்களின் வரலாறு நமது அவுஸ்திரேலியாவிற்கும் உண்டு. டக்ளஸ் மோசன் தலைமையில் 1911 முதல் 1914 வரை அந்தாட்டிக்காவை ஆராயச் சென்ற குழுவினர் பனிவண்டிகளுக்கு நாய்களைப் பூட்டினர். 1912 டிசம்பர் 14ஆம் நாள், மேற்புறம் பனியால் மூடிக் கிடந்த ஆழ்ந்த வெடிப்பொன்றுள் நின்னிஸ் என்பவர் வீழ்ந்து மறைந்தார். வலிமைமிக்க ஆறு நாய்களும் உணவின் பெரும்பகுதியும் அவரோடு மறைந்தன. எஞ்சிய மோசனும் மேர்ட்ஸ் என்பவரும் வேறு வழியின்றி மீதி நாய்களைக் கொன்று உண்டனர். 1913 ஜனவரியில் மேர்ட்ஸ் இறந்தார். மோசன் மட்டும் தனியனாகப் பெப்ரவரியில் திரும்பி வந்தார். கண்ணுக்கு உறுதியாகத் தோன்றும் பனி காலுக்கு உறுதியாக இராது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுவதில்லை.

பின்னாளில் மோசனின் பெயரைத் தாங்கிய அவுஸ்திரேலிய ஆய்வு நிலையத்திலும் ஹஸ்கி நாய்கள் வாழ்ந்தன. நாய்களிடமிருந்து கடல்நாய்களுக்கு நோய் பரவலாம் என்ற அச்சத்தினால், 1994 ஏப்ரல் முதலாம் நாளுக்குள் எல்லா நாய்களையும் அக்கண்டத்திலிருந்து அகற்றவேண்டும் என 1991இல் கைச்சாத்தான மட்ரிட் உடன்படிக்கை விதித்தது. அவ்வாறே அவை அகற்றப்பட்டன.

கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம் உறவினர் பனியில் நாயை நடத்தும் முறையை நன்கு கற்றிருக்கின்றனர். விரல்களின் இடையே பனி உருண்டு கட்டியாகி நாயை நொண்டச் செய்யும். வீதியில் பனியை உருக்கத் தூவும் உப்பு பாதத்தை எரிக்கும். நாய் அதனை நக்கினால் வயிற்றுக்கும் கேடு. ஆதலால் வீடு திரும்பியதும் பாதங்களை இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைப்பர். சிலர் நாய்க்குச் சப்பாத்தும் அணிவிப்பர். உறைந்த ஏரியின்மீது நாயை அவிழ்த்துவிட மாட்டார்கள். மோட்டார் வாகனத்தின் உறைதடுப்புத் திரவம் இனிப்பானது, ஆயினும் கொடிய நஞ்சு என்பதையும் அவர்கள் மறப்பதில்லை. இந்த இறுதி எச்சரிக்கை மட்டும் நார்த்மீட்டில் உள்ள நமது கார்க் கொட்டகைகளுக்கும் பொருந்தும்.

நாமும் ஜூலை விடுமுறையில் பனி பார்க்கக் கொசியஸ்கோ மலைக்குப் புறப்படுகின்றோம். நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காக்களுள் வளர்ப்பு நாய்களைக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. பனிச்சறுக்கு நடைபெறும் திரெட்போவும் பெரிஷரும் அப்பூங்காவினுள்ளேயே உள்ளன. இதனை அறியாது நாயையும் ஏற்றிச் சென்று, குளிரில் காருக்குள் அடைத்துவிட்டுப் பனியில் விளையாடுவது அறமாகாது. பயணத்தைத் திட்டமிடும் நாளிலேயே நாயை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் தீர்மானித்தல் வேண்டும்.

நார்த்மீட்டில் நமது நாய்களுக்கு உண்மையான ஆபத்து பனி அன்று, வெயிலே. 2020 ஜனவரி 4ஆம் நாள் நமக்கு மேற்கேயுள்ள பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகை செல்சியசை எட்டியது. காற்றின் வெப்பத்தைவிடத் தார்வீதியின் வெப்பம் மிகவும் கூடியது. நாம் செருப்போடு நடக்கின்றோம்; நாய் வெறும் பாதத்தோடு நடக்கின்றது. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாயோ மூச்சிரைத்தே பெரும்பாலும் உடலைத் தணித்துக்கொள்ளும். பனிநிலத்துக்கெனப் படைக்கப்பட்ட இரட்டை உரோமப் போர்வையை உடைய ஹஸ்கியும், மூக்குச் சப்பையான பக், புல்டொக் முதலிய இனங்களும் படும் துன்பத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. உரோமத்தை மழிப்பதும் தீர்வாகாது. தோல் வெயிலுக்கு இரையாகும்.

பின்புறங்கையை வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது. கோடையில் கதிரவன் எழுமுன்னரோ, சாய்ந்து நிலம் ஆறிய பின்னரோ நடத்திச் செல்லுங்கள். துங்காபி ஓடைக்கரை போன்ற நிழல்வழிகள் நமக்கு அருகிலேயே உள்ளன. நீர்ப் போத்தலை மறவாதீர்கள். புதர்வழியே சென்று திரும்பினால் உரோமத்தைக் கோதி உண்ணி உள்ளதா எனத் தேடுங்கள். இக்கரையோரத்து உண்ணி நாயை முடக்கிக் கொல்லவும் வல்லது. நாய் மிகையாக மூச்சிரைத்து, எச்சில் வடித்துத் தள்ளாடினால் நிழலில் கிடத்தி, உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து, விசிறி, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இவ்வளவும் அறிந்திருந்தாலும், நடத்திச் செல்பவர் யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. பல இல்லங்களில் இப்பணி ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவின் மீதோ தாத்தாவின் மீதோ விழுகின்றது. பிள்ளை வீட்டுப்பாடம், நீச்சல், கிரிக்கெட் என்று ஓடுகின்றது. பெற்றோர் வேலையால் களைத்து வருகின்றனர். எழுபது வயதைக் கடந்த ஒருவர், முப்பது கிலோ எடையுள்ள நாய் இழுக்க, பனித்துளியில் நனைந்த புல்லில் வழுக்கி விழுந்தால் அதன் விளைவு என்ன? நாயும் பாதுகாப்பாக நடக்கவேண்டும். நாயோடு நடப்பவரும் பாதுகாப்பாக நடக்கவேண்டும்.

ஆகவே எமது கருத்து இதுவாகும். நாய் கேட்கும் பிள்ளை, அது வருமுன்னரே ஒரு மாதம் நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுந்து, பெற்றோருள் ஒருவரோடு அரை மணிநேரம் நடந்து காட்டட்டும். மழையிலும் குளிரிலும் அந்த நடை தவறாவிடின் நாயை வாங்கலாம். தவறினால், கேட்டது ஒரு விளையாட்டுப் பொருளே என்று பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும். இது தண்டனை அன்று, பயிற்சி. இம்மாநிலத்தின் 1998ஆம் ஆண்டுத் துணைவிலங்குச் சட்டமும் நாயைப் பொது இடத்தில் வாரில் பிடித்துச் செல்லுமாறும், அதன் கழிவை அகற்றுமாறும், நாயைப் பதிவு செய்யுமாறும் உரியவரைப் பணிக்கின்றது. அயலவர் நம் சமூகத்தை மதிப்பிடுவது இவ்வாறான சிறு செயல்களைக் கொண்டே.

நிறைவாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாயோடு தமிழில் பேசுங்கள். ‘வா’, ‘இரு’, ‘நில்’, ‘போதும்’ என்னும் சொற்களை அது விரைவில் கற்றுக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாள் பாடசாலையில் பயிலும் மொழி, நாள்தோறும் காலை நடையில் உங்கள் நாவிலும் தவழும். உச்சரிப்புப் பிழைத்தாலும் அது உங்களைப் பார்த்துச் சிரிக்காது. தருமரைப் போல, நம்பி வந்த உயிரைக் கைவிடாது நடத்திச் செல்லும் பிள்ளைகளாக நீங்கள் வளர வாழ்த்துகின்றோம்.