ஆலைப் பூனைகளும் நமது கடமையும்

குளிர்காலம் என்பது பனிக்கட்டி பெய்யும் தேசங்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மவர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. நமது கடற்கரை ஜில்லாக்களில் குளிர் ஏது, குளிரால் மடியும் பிராணி ஏது என்று கேட்பவர்கள், ஐப்பசி பிறந்தது முதல் தை பிறக்கும் வரையில் திருவள்ளூர் ஜில்லாவின் கீழ்ப்பகுதியில் ஒரு வாரம் தங்கிப் பார்க்க வேண்டும். வங்கக் கடலிலிருந்து வீசும் வாடைக் காற்றும், நாட்கணக்கில் விடாத மழையும், மழை ஓய்ந்தபின் விடியற்காலையில் இறங்கும் மார்கழிப் பனியும் அவர்களுக்குப் பதில் சொல்லும். மனிதர் கதவை அடைத்துக் கொள்கின்றனர். மாட்டுக்குத் தொழுவம் இருக்கிறது. எவருக்கும் சொந்தமில்லாத பூனைக்கு யார் இருக்கிறார்கள்? இது அற்ப விஷயம் என்று சிலர் நகைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

வள்ளூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக் கொள்வோம். தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாட்டு மின் நிறுவனமும் கூட்டாக அமைத்த 1,500 மெகாவாட் மின் நிலையம் அங்கே நிற்கிறது. அருகே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. கடலோரத்தில் எண்ணூர்த் துறைமுகம். வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. ஆலை உள்ள இடத்தில் சாப்பாட்டுக் கூடம் உண்டு. சாப்பாட்டுக் கூடம் உள்ள இடத்தில் மிச்சச் சோற்றைத் தேடி எலியும், எலியைத் தேடிப் பூனையும் வந்து சேர்வது இயற்கை. இப்பூனைகள் குழாய்களின் அடியிலும், உடைந்த மரப்பெட்டிகளின் இடுக்கிலும், நிறுத்தி வைத்த லாரிகளின் கீழும் பிறந்து வளர்கின்றன. மனிதன் கை பட்டறியாத இவற்றை வீட்டுப் பூனை என்று சொல்ல முடியாது. காட்டு மிருகம் என்று தள்ளி விடவும் முடியாது. நாம் எழுப்பிய சுவரின் நிழலில், நாம் எறிந்த சோற்றால் பெருகிய ஜீவன்கள் இவை. இவற்றின் விஷயத்தில் நமக்குப் பொறுப்பில்லை என்று சொல்வது நியாயமாகாது.

பூனைக்கு ரோமம் இருக்கிறதே, குளிர் தெரியுமா என்று கேட்பார்கள். பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனை. அதன் வழிவந்த பிராணிக்கு உஷ்ணமே சுகம். சுமார் 30 டிகிரிக்குக் கீழே உஷ்ணம் இறங்கினாலே, தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள அது அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது என்பது பிராணி சாஸ்திரிகளின் முடிவு. நமது மார்கழி இரவிலோ உஷ்ணம் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. உலர்ந்த ரோமத்தோடு இருக்கும் நல்ல தேகமுள்ள பூனை அதைத் தாங்கிக் கொள்ளும். ரோமம் நனைந்து விட்டால் அது போர்வையாக இருப்பதற்குப் பதிலாக ஈரத் துணியாகி விடுகிறது. பிறந்து மூன்று நான்கு வாரங்கள் ஆகாத குட்டிகளுக்குத் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. தாய் இரை தேடப் போன ஒரு நாழிகைக்குள் மழைநீர் புகுந்தால், அந்த ஈற்று முழுவதும் முடிந்து போகும். பனிநாட்டில் பூனையைக் கொல்வது பனிக்கட்டி. நமது நாட்டில் அதைக் கொல்வது ஈரம். இந்த வித்தியாசத்தை முதலில் அறிந்து கொள்வது அவசியம்.

இந்தப் பகுதியில் மழைக்காலம் எத்தகையது என்பதை நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னைக் கரையைத் தாக்கிக் கடந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழையால் கொசஸ்தலையாறு பெருகியது. மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய்க் கசடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவரின் படகும் வலையும் பாழாயின. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் படிந்து தவித்ததை நாடு முழுவதும் கண்டது. பூனை தன் உடம்பை நாவினால் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. ரோமத்தில் எது ஒட்டினாலும், எண்ணெயானாலும் மருந்துப் பொடியானாலும், அது வயிற்றுக்குள் போய்ச் சேர்கிறது. தொழிற்பேட்டையில் வெள்ளம் புகும்போது பூனைக்கு நேரும் அபாயம் கிராமத்துப் பூனைக்கு நேர்வதைவிட அதிகம் என்பது இதனால் விளங்கும்.

குளிரில் நடுங்கும் பிராணிக்கு இரங்குவது தமிழருக்குப் புதிய பாடமன்று. மயில் குளிரால் வருந்துகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக நாம் போற்றுகிறோம். மயில் போர்வையை உடுத்துமா, மடித்து வைத்துக்கொள்ளுமா என்று அவன் ஆராயவில்லை. அதைக் கொடைமடம் என்றே பெரியோர் பாராட்டினார்கள். பேகனின் உள்ளம் நமக்கு வேண்டும். ஆனால் இக்காலத்தில் உள்ளத்தோடு சிறிது அறிவும் சேர்ந்தால்தான் அந்த இரக்கம் பிராணிக்குப் பயன்படும். பழைய புடவையையும் கோணிச் சாக்கையும் பூனை படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் புண்ணியம் கிடைத்ததென்று திரும்புகிறவர்கள் பலர். அத்துணி மழைச்சாரலை உறிஞ்சிக்கொண்டு, படுத்திருக்கும் பிராணியின் சூட்டையும் இழுத்துக் கொள்கிறது. துணியைவிட உலர்ந்த வைக்கோல் எவ்வளவோ மேல். பொன்னேரியும் மீஞ்சூரும் நெல் விளையும் பூமி. அங்கே வைக்கோலுக்குப் பஞ்சமில்லை.

கூடு அமைப்பதும் கஷ்டமான காரியமன்று. மீன் சந்தையில் ஐஸ் நிரப்பி மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியே போதும். உள்ளிருக்கும் குளிர் வெளியே போகாமல் காப்பது, வெளியிலுள்ள குளிர் உள்ளே வராமலும் காக்கும். அதைச் சவுக்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். பினாயில் உபயோகிக்கலாகாது, பினாயிலும் பாச்சை உருண்டையும் பூனைக்கு விஷம். பெட்டியின் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு மிகாமல் வட்டமாக வாயில் வெட்ட வேண்டும். நாய் வந்து மறித்தால் தப்பியோட மறுபுறம் இன்னொரு வழியும் இருப்பது நல்லது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வாயில் தென்மேற்கை நோக்கியிருக்கட்டும். வெள்ளம் தேங்கும் உயரத்தை அறிந்து, அதற்கு மேலே செங்கல் அடுக்கிப் பெட்டியை அதன்மீது வைத்து, காற்றில் பறக்காதபடி பாரம் ஏற்ற வேண்டும். பெட்டி பெரிதாயிருப்பதில் பிரயோசனமில்லை; இரண்டு பூனைகள் ஒண்டிப் படுக்கும் அளவே சிறந்தது. சிறிய இடம் அவற்றின் உடற்சூட்டினாலேயே கதகதப்பாகி விடும். வைக்கோல் நனைந்தாலோ பூஞ்சணம் பிடித்தாலோ உடனே மாற்ற வேண்டும்.

கூட்டைவிடச் சுலபமான தர்மம் ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. மழை இரவில் சூடு தேடும் பூனை, அப்போதுதான் நிறுத்திய மோட்டாரின் இயந்திரத்துக்குள் ஏறிப் படுத்துக் கொள்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பினால் என்ன நேரும் என்பதை நாம் விவரிக்க விரும்பவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும், தொழிலாளரை ஏற்றிவரும் பஸ்களும், அதிகாரிகளின் கார்களும் வரிசை வரிசையாக நிற்கும் இப்பிரதேசத்தில், வண்டியைக் கிளப்புமுன் மூடியை இரண்டு தட்டுத் தட்டிச் சற்றுப் பொறுப்பதை டிரைவர்கள் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

இங்கே சிலர் ஆட்சேபம் கூறலாம். மனிதருக்கே ஒழுகாத கூரையில்லாத ஊரில் பூனைக்குக் கூடா என்பது முதல் ஆட்சேபம். சாம்பல் தூசியிலும் வெள்ளத்திலும் அவதிப்படும் ஏழை ஜனங்களின் குறை பெரிது. அதைத் தீர்க்க வேண்டியது சர்க்காரின் முதற் கடமை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் எறிந்துவிடும் பெட்டியையும் ஒரு கைப்பிடி வைக்கோலையும் பூனைக்குத் தருவதால் எந்த ஏழையின் கூரையும் குறைந்து விடாது. ஆலைப் பூனைக்குத் தன் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி சோறு வைப்பவர் பெரும்பாலும் கூலித் தொழிலாளரே என்பதையும் கவனிக்க வேண்டும். பூனை குறுக்கே போவது அபசகுனம் என்ற பேச்சுக்கு, மின்சாரம் உற்பத்தி செய்யும் ஊரிலிருந்தும் அந்த இருட்டு நீங்கவில்லையே என்று வருந்துவதைத் தவிர வேறு பதில் வேண்டியதில்லை.

பூனைகள் பெருகினால் பறவைகளுக்கு நாசம் என்று சொல்பவர்களின் ஆட்சேபம் கவனிக்கத் தக்கது. இதே மாதங்களில்தான் பூநாரைகள் முதலிய பறவைகள் பழவேற்காட்டு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வருகின்றன. ஆகவே கழிமுகத்தையும் சதுப்பையும் ஒட்டிய இடங்களில் பூனைக்கு உணவிடுவதும் கூடு வைப்பதும் கூடாது. மற்ற இடங்களிலும் இனப்பெருக்கத்தைத் தடுக்காமல் உணவும் கூடும் மட்டும் தருவது அரைத் தர்மமே ஆகும். ஒன்பது வாரம் சுமந்து குட்டி ஈனும் பூனை, அக்குட்டிகள் பாலை மறந்தவுடன் மறுபடி சினையாகி விடும். ஐந்து மாதக் குட்டியே தாயாகக் கூடியது. ஆகையால் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடைச் சிகிச்சை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது கத்தரித்து, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் உலகில் பல நகரங்கள் கைக்கொண்டிருக்கும் முறை. கையால் பிடிக்க முயல்வது ஆபத்து. கடியோ கீறலோ பட்டால் 15 நிமிஷம் சவுக்காரமிட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் விட்டுப் பூனைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிடுவதும், விஷம் வைப்பதும்தான் சுலபமான வழி என்று எண்ணுவோர் எங்கும் உளர். மழைக்காலத்தில் அறியாத இடத்தில் விடப்பட்ட பூனைக்கு ஒதுங்குமிடமும் தெரியாது, இரையும் கிடைக்காது. அது விட்டுச் சென்ற இடத்துக்கோ, சோறு இருக்கும்வரை, வேறு பூனை வந்து சேரும். இது கொடுமை மட்டுமல்ல, வீண் வேலையுங்கூட. விஷம் வைப்பது குற்றம். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையின் 325-ஆம் பிரிவு, பிராணியை விஷமிட்டுக் கொல்வதற்கு ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பிராணி வதைத் தடுப்புக்காக 1960-இல் இயற்றிய சட்டம் முதற் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாத தொகை யாரையும் திருத்தாது.

அந்தச் சட்டத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. ராஜ்ய சபையில் பிராணிகளுக்காக வாதாடி அதற்கு வழிகோலியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அது பல ஆண்டுகள் சென்னையிலேயே இயங்கியது. 1959-இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் சங்கம் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் முறையை நமது நாட்டுக்குக் காட்டிய முன்னோடி. வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. இத்தனை சாதனங்களுக்கும் அருகிலுள்ள வள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பூனைக்கு வழியில்லை என்று சொன்னால், அது நமது அசிரத்தையே அன்றி வேறில்லை.

நாம் கோருவது பெரிதன்று. ஒவ்வொரு ஆலை நிர்வாகமும் இரண்டு மூன்று தொழிலாளரை இதற்குப் பொறுப்பாக்கட்டும். மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே, வேண்டிய கூடுகளை மேடான இடத்தில் வைக்கட்டும். உணவு குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் மட்டும் வைக்கப்படட்டும். அரைமணி கழித்து மிச்சத்தை எடுத்து விட்டால் எலியும் நாயும் சேரா. பசும்பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது பேதியை உண்டாக்கும். சுத்தமான தண்ணீர் வைத்தால் போதும். குட்டிகளைக் கண்டவுடன் அநாதை என்று எடுத்துவிடாமல், தாய் திரும்புகிறதா என்று தூர நின்று பார்க்கட்டும். கால்நடைத் துறையார் ஆண்டுக்கு இருமுறை தொழிற்பேட்டைகளுக்கு வந்து கருத்தடை முகாம் நடத்தட்டும். செலவை ஆலைகள் ஏற்கட்டும். கோடிக்கணக்கில் முதல் போட்டவர்களுக்கு இது ஒரு செலவாகாது.

வாயில்லா ஜீவனிடத்தில் கருணை காட்டுவதைப் பிரஜைகளின் கடமையாக 1976 முதல் நமது அரசியல் சாசனமே கூறுகிறது. சாசனத்தில் எழுதியது ஆலையின் பின்புறச் சுவர் வரையில் வந்து சேர வேண்டும். அடுத்த வாடைக் காற்று வீசுமுன் வள்ளூர் வட்டாரத்து ஆலைகளில் ஒன்றாவது இதைத் தொடங்கி மற்றவற்றுக்கு வழிகாட்டும் என்று நம்புகிறோம்.