ஜனாதிபதியாகலாம், ஓட்டுப் போட முடியாது

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் இந்த வாரம் என் எரிச்சலைக் கிளப்பினார். காலண்டர் சீசன் நெருக்கடியிலும் போன் போட்டு, "பேத்தி நியூஜெர்சியில பொறந்திருக்கா அண்ணாச்சி, நாளைக்கு அமெரிக்க ஜனாதிபதியாவே ஆகலாம்" என்றார். ஆகலாம்தான். பிறப்பால் குடியுரிமை, 35 வயது, 14 ஆண்டு வாசம் ஆகியவற்றைத்தான் அந்த நாட்டு அரசமைப்பு கேட்கிறது. முதலாவதற்கு என்ன பொருள் என்று அது விளக்கவில்லை. பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்த ஜான் மெக்கைனை வைத்தும், கனடாவில் பிறந்த டெட் குரூஸை வைத்தும் வக்கீல்கள் அங்கே வாதாடித் தீர்த்தார்கள்.

"சரி, இந்திய ஜனாதிபதி ஆக முடியுமா?" என்று கேட்டேன். "இங்க பொறக்கலையே" என்றார். தப்பு. நம் அரசமைப்பின் 58ஆவது பிரிவு பிறந்த இடத்தைக் கேட்பதே இல்லை. இந்தியக் குடியுரிமை, 35 வயது, மக்களவைக்குப் போட்டியிடும் தகுதி இருந்தால் போதும். 1999இல் சோனியா காந்தியை மனதில் வைத்து சரத் பவார், பி.ஏ.சங்மா, தாரிக் அன்வர் மூவரும் இதை மாற்றக் கேட்டார்கள். காங்கிரஸ் அவர்களை நீக்கியது. விதி அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.

பிறந்த இடத்தை விடாமல் கேட்பவை நம் படிவங்கள்தான். பிறந்த இடம், சொந்த ஊர், நிரந்தர முகவரி என்று மூன்று கட்டங்கள்; மூன்றிலும் விருதுநகர் என்றே எழுதி எனக்குக் கை வலிக்கிறது. 'மேற்படி' என்று போட்டால் கவுன்டரில் முறைக்கிறார்கள். ஆனால் எங்கள் மாவட்டத்தின் குல்லூர்சந்தை இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த பெண்ணுக்கு அந்தக் கட்டங்களில் சிக்கல் இல்லை. அவளும் விருதுநகர் மாவட்டம் என்றுதான் எழுதுவாள். குடியுரிமை என்ற அடுத்த கட்டம்தான் வில்லங்கம். கண்ணால் பார்த்திராத இலங்கையை அதில் எழுத வேண்டும்.

காரணம் ஒரு தேதி. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அன்றிலிருந்து தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். அப்போது அவருக்கு 35 வயது தாண்டிவிட்டது, 58ஆவது பிரிவின்படி ஜனாதிபதி தேர்தலுக்கே நிற்கலாம். அதே முகாமில், அதே மாதிரிக் குடும்பத்தில் 1988இல் பிறந்தவர் பஞ்சாயத்து வார்டுக்குக்கூட ஓட்டுப் போட முடியாது.

இதில் எங்கள் ஊருக்கும் பங்குண்டு. எங்கள் ஊர்க்காரரான காமராஜர் காங்கிரஸ் தலைவராக இருந்த 1964 அக்டோபரில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டார்கள். பாகப்பிரிவினையில் அண்டா குண்டானைப் பிரிப்பது இப்படித்தான். இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களில் பலர் பழைய ராமநாதபுரம் சீமைக்காரர்கள். 1985 வரை விருதுநகரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களில் அவர்கள் வாரிசுகளும் உண்டு. தாத்தா ஊருக்கே திரும்பி வந்தவனை அகதி என்று பதிவு செய்தோம்.

2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பலகையை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம், ஆனால் குடியுரிமை டெல்லி கையில். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது.

எல்லாக் கட்சிக்கும் தேர்தல் போஸ்டர் அச்சடிப்பது சிவகாசிதான். அந்தப் போஸ்டரில் சிரிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து, முகாமில் பிறந்த பிள்ளைகளுக்காவது குடியுரிமை எப்போது என்று கேளுங்கள்.