நெடுநாள் உழைக்கும் ரயர் எது?

மோட்டார் சைக்கிள் வாங்கும்போது அதன் நிறத்தையும் எஞ்சினின் வலுவையும் பற்றி வீட்டார் எல்லோரும் கூடியிருந்து ஆராய்வர். ரயரைப் பற்றி ஆராய்பவரைக் காண்பது அரிது. வண்டியும் அதில் ஏறியிருப்போரும் வீதியைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய இரண்டு உள்ளங்கையளவு இறப்பரினால் மாத்திரமே என்பது எவருக்கும் நினைவில் வருவதில்லை. ரயர் தேய்ந்து, மாற்றவேண்டிய நாள் வந்ததும் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எது கனகாலம் உழைக்கும்?"

இதே கேள்வியை இளைஞர் ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். விடுமுறை நாள்களில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கும் திருகோணமலைக்கும் சென்றுவருபவர் அவர். தமது வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கை கிறவல் ஒழுங்கையாதலால், கட்டை கட்டையாக அமைந்த முரட்டு ரயரே ஏற்றதென்று நண்பர் ஒருவர் கூறினாராம். அது சரிதானா என்பது அவருடைய ஐயம்.

சரியன்று என்பதே எமது விடை. ஒழுங்கை அரை மைல்கூட இல்லை என அவரே எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதியோ 321 கிலோமீற்றர். அரை மைலுக்காக 321 கிலோமீற்றருக்குப் பொருந்தாத ரயரைப் பூட்டுவது, முற்றத்துச் சேற்றுக்கு அஞ்சி வீட்டினுள்ளும் மிதியடிக் கட்டையோடு நடமாடுவதை ஒக்கும். ஆழ்ந்த இடைவெளிகளையுடைய கட்டைகள் சேற்றிலும் மணலிலும் புதைந்து பிடிப்பதற்காக ஆக்கப்பட்டவை. தார்வீதியிற் புதைவதற்கு இடமேது? பாரம் முழுவதையும் அக்கட்டைகளின் நுனிகளே தாங்குகின்றன. சில்லு சுழலுந்தோறும் அவை வளைந்து நெளிந்து சூடேறி விரைவிலே தேய்ந்துவிடுகின்றன. முரடாகத் தோன்றுவது உறுதியாயிருக்கும் என்னும் எண்ணம் இங்கே செல்லாது. வீதிக்கென ஆக்கப்பட்ட ரயரில் தரையைத் தொடும் இறப்பர்ப் பரப்பு மிகுதி. தவாளிப்புகள் மழைநீரை வெளியேற்ற வேண்டிய அளவுக்கே உள்ளன. பயணத்தின் பெரும்பகுதி தார்வீதியானால் அதையே வாங்கவேண்டும். கிறவல் ஒழுங்கையில் மெதுவாகச் சென்றாற் போதும்.

இனி, "கனகாலம்" என்பதற்கு வருவோம். தார்வீதி கண்ணுக்கு மட்டமாகத் தோன்றினும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. மென்மையான இறப்பர் அம்மேடுபள்ளங்களுக்கு இயையத் தன்னை அமைத்துக்கொண்டு வீதியைப் பற்றுகிறது. பற்றும்போதே தேய்ந்தும் போகிறது. வன்மையான இறப்பர் மெல்லத் தேயும். ஆனால் அதன் பிடி குறைவு. வெயிற்காலத்தில் இக்குறை புலப்படுவதில்லை. கார்த்திகை மாரியில், மாங்குளத்துக்கு அப்பால், மாடு ஒன்று திடீரெனக் குறுக்கிட்டு நாம் பிறேக்கை அழுத்தும் அந்தக் கணத்திலேதான் அது புலப்படும். ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீற்றர் கூடுதலாக உழைக்கிறது என்று நாம் மகிழ்ந்துகொண்ட ரயர், அக்கணத்திற் சில அடி தூரம் தள்ளியே வண்டியை நிறுத்தும். பின்னால் இருப்பவர் ரயரைப் பார்த்து ஏறியவர் அல்லர்; ஓட்டுபவரை நம்பி ஏறியவர். ஆகவே மிக நெடுங்காலம் உழைக்கும் என்பதொன்றையே ஒரு ரயரின் பெருமையாகக் கொள்ள நாம் உடன்படோம்.

இவ்விரண்டையும் இணைக்க வழியில்லையா எனில், ஓரளவு உண்டு. இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்பதைச் சாள்ஸ் குட்இயர் 1839 இல் கண்டார். பிற்காலத்திற் கரிப்பொடி கலக்கப்பட்டதும் தேய்வு வெகுவாகக் குறைந்தது. ரயர் கறுப்பாயிருப்பதற்குக் காரணமும் அக்கரிப்பொடியே. ஆதியில் வந்த ரயர்கள் வெளிறியவை என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. இன்று சிலிக்கா கலந்து, ஈரவீதியிலும் பிடி குன்றாதபடி செய்கிறார்கள். அன்றியும், நடுப்பகுதியில் வன்மையான இறப்பரும் இரு ஓரங்களிலும் மென்மையான இறப்பரும் வைத்து ஆக்கிய ரயர்கள் வந்துள்ளன. நெடும்பயணத்துக்கான பெரிய வண்டிகளுக்கு இவை தாராளமாகக் கிடைக்கும். நம்மிடமுள்ள சிறிய வண்டிகளின் அளவில் விசாரித்துத்தான் பெறவேண்டும். கிடைக்குமாயின், விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம் என்பது எமது கருத்து.

நடுவுக்கு ஒன்று, ஓரத்துக்கு வேறொன்று ஏன் என்று கேட்கலாம். ஆனையிறவு தாண்டி வவுனியா வரையில் வீதி பெரும்பாலும் நேராகவே செல்கிறது. நேர்வீதியில் வண்டி சரிவதில்லை. எனவே ரயரின் நடுப்பகுதியே இடைவிடாது தேய்கிறது. பல மாதம் இப்படி ஓடினால், வட்டமாயிருக்கவேண்டிய முகம் தட்டையாகிவிடும். அத்தகைய ரயரோடு மாத்தளையைக் கடந்து மலைவளைவுகளில் ஏறுபவர், வண்டியைச் சரிக்கும்போது அது முதலில் மறுத்துப் பின்னர் சடுதியாகச் சாய்வதை உணர்வார். தவாளிப்பு இன்னும் இருக்கிறதே என்று அதனை வைத்துக்கொண்டிருப்பது சிக்கனம் ஆகாது. வழக்கமாகப் பின் ரயரே முன் ரயரிலும் விரைந்து தேயும். இரண்டும் வெவ்வேறு வடிவுடையன. ஆதலால் ஒன்றைக் கழற்றி மற்றதன் இடத்திற் பூட்டிச் சமாளிக்க முயலவும் கூடாது.

கடையில் "இத்தனையாயிரம் கிலோமீற்றர் ஓடும்" என்பார்கள். கார் ரயர்களில் அமெரிக்க முறைப்படி தேய்வைக் குறிக்கும் எண் ஒன்று பொறிக்கப்படுவதுண்டு. மோட்டார் சைக்கிள் ரயர்களுக்கு அம்முறை இல்லை. ஆகவே கடைக்காரர் சொல்லும் எண் அவருக்கு முன்பு யாரோ சொன்ன எண்ணேயாகும். ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிப்பதே மேல். 100/90-17 என்றிருந்தால், அகலம் 100 மில்லிமீற்றர். பக்கத்தின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 90 பங்கு. பூட்டும் றிம் 17 அங்குலம். அதையடுத்து 55 எனவும், பின்னர் 'பீ' என்னும் ஆங்கில எழுத்தும் இருந்தால், அந்த ரயர் 218 கிலோகிராம் பாரத்தையும் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தையும் தாங்கவல்லது. வண்டியின் கைந்நூலிற் குறித்ததிலும் பாரவெண் குறைந்த ரயரை, மலிவு என்பதற்காக, இருவர் ஏறும் வண்டிக்கு வாங்கலாகாது.

நான்கு இலக்கங்கள் சேர்ந்த எண்ணொன்றும் அங்கே காணப்படும். 2324 என்பது 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் ஆக்கப்பட்டது எனப் பொருள்படும். இறப்பர் ஓடாமலிருந்தும் மூப்படைகிறது. வெயிலும் காற்றும் அதனை வறளச் செய்து வெடிக்கவைக்கும். ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டு கடந்ததை எவ்வளவு புதிதாகத் தோன்றினும் நீக்கிவிட வேண்டும் என்றும் உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். கடைத்தட்டில் ஐந்து ஆண்டு தூங்கிய ரயரைப் புதியது என்று வாங்குபவர் அதன் ஆயுளிற் பாதியை முன்னரே இழந்துவிடுகிறார்.

இவ்வளவு ஆராய்ந்து வாங்கியதைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவே. காற்றுக் குறைந்த ரயர் சுற்றுந்தோறும் கூடுதலாக நசுங்கிச் சூடேறுகிறது, ஓரங்கள் தேய்கின்றன. நடுத்தர வண்டிகள் பலவற்றுக்கு, தனியே செல்லும்போது பின்சில்லில் சதுர அங்குலத்துக்கு 28 இறாத்தலும், இருவர் செல்லும்போது 32 இறாத்தலும் குறிக்கப்பட்டிருக்கும். தத்தம் கைந்நூலைப் பார்த்துக்கொள்க. அளக்கவேண்டிய வேளை, விடியலிற் புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது. முறிகண்டியிற் பிள்ளையாரைக் கும்பிட இறங்கியபின் அளந்து, "காற்று மிஞ்சிவிட்டது" என்று திறந்துவிடுவோர் உளர். பாகை 30 இல் 28 இறாத்தலாயிருந்த காற்று, பாகை 60 இல் ஏறக்குறைய 32 இறாத்தல் காட்டும். பௌதிகம் கற்கும் மாணவர்கள் வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்துக் கணித்துப் பார்க்கலாம். அந்த ஏற்றம் இயல்பானது. அதனைத் திறந்துவிட்டால், வெப்பம் தணிந்ததும் ரயர் காற்றுக் குறைவோடு நிற்கும்.

தவாளிப்பின் அடியிற் குறுக்கே சிறு மேடுகள் சில இருக்கும். சுற்றியுள்ள இறப்பர் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் ரயரின் வேலை முடிந்தது. ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை குனிந்து பார்ப்பது நன்று. மாற்றும்போது, ரயரிலுள்ள அம்புக்குறி சில்லு சுழலும் பக்கம் நோக்கியுள்ளதா எனக் கராச்சிலேயே கவனிக்கவேண்டும். புது ரயரின் மேற்பரப்பு வழுவழுப்பாயிருக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரையில் அது முழுப்பிடி கொள்ளாது. ஆதலால் எமக்கு எழுதிய இளைஞர், மனைவியோடு கண்டிக்குப் புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில் ரயரை மாற்றாது, இரு கிழமை முன்னரே மாற்றி, பாடசாலைக்கும் சந்தைக்குமாக அதனைப் பழக்கிக்கொள்வாராக.