ஷீட் கூரைக்கு அடியில் ஒரு பொய்க் கூரை

வைகை அணையில் 2017-ல் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டதும், அவை காற்றில் கரை ஒதுங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தமிழ்நாடே சிரித்தது. அதே தெர்மாகோலை மொட்டை மாடி ஷீட் ரூமுக்குள் ஒட்டிவிட்டு, "சீலிங் போட்ட ரூம்" என்று வாடகையை ஏற்றுகிற ஹவுஸ் ஓனர்களைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை. பேச்சிலர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் குடியேறுகிறார்கள் :-)

தெர்மாகோல் வெப்பத்தைத் தடுக்காதா? தடுக்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் காற்றுதான், அதனால் வெப்பம் சுலபத்தில் கடக்காது. அதை மறுக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் தீ. சாதாரண தெர்மாகோல் சட்டென்று பற்றும், உருகி எரிந்தபடியே சொட்டும், கரும்புகை கக்கும். அதற்கு நேர் கீழே கேஸ் அடுப்பு! அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003-ல் ஓர் இரவு விடுதியில் 100 பேர் இறந்தார்கள். பிரேசிலின் சாண்டா மரியாவில் 2013-ல் 242 பேர். அங்கே இருந்தது தெர்மாகோல் அல்ல, வேறு வகை பிளாஸ்டிக் ஃபோம். ஆனால் மூடாமல் விட்ட நுரை என்ன செய்யும் என்பதற்கு அந்த இரண்டும் போதும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்த பிறகு கீற்றுக் கூரை என்றாலே பயப்படுகிற ஊர் இது. தெர்மாகோலுக்கு மட்டும் ஏன் பயமில்லை?

இரண்டாவது, ஆஸ்பெஸ்டாஸ். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சும்மா கிடக்கிற ஷீட்டை விட, துளை போடும்போதும் அறுக்கும்போதும் கிளம்புகிற தூசிதான் பெரிய ஆபத்து. சீலிங் போடுகிறவர் மாஸ்க் கூட இல்லாமல் அண்ணாந்து பார்த்து டிரில் பண்ணுகிறார். அந்தத் தூசி ரூமிலேயே படிகிறது.

மூன்றாவது, வேலையின் வரிசையே தலைகீழ். சித்திரை வெயிலில் தகர ஷீட் 60 டிகிரியைத் தாண்டும். வெப்பத்தை வெளியிலேயே திருப்பி அனுப்புவதுதான் முதல் வேலை. அதற்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைப் பிரதிபலிக்கும் வெள்ளை பெயிண்டோ போதும். (ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. உடையும் என்பதால் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும்.) தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது, அடிப்படை இதுதான். அடுத்தது, ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் சேரும் சூடான காற்று வெளியேற இரண்டு பக்கமும் வழி. சரிவுக் கூரையில் சூடு முகட்டில்தான் ஏறி நிற்கும், அங்கே திறப்பு வேண்டும். அலுமினிய ஃபாயில் போட்டால் அதன் பளபளப்பான பக்கம் காற்று இடைவெளியைப் பார்க்க வேண்டும், ஷீட்டோடு ஒட்டினால் பலனில்லை. கடைசியில்தான் கிளாஸ் வூலும், அதை மூட ஜிப்சம் போர்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது எளிய கணக்கு. செலவு ஓனருடையது, பலன் குடியிருப்பவருடையது. இரவெல்லாம் ஓடுகிற ஃபேனுக்கும் கூலருக்கும் கரண்ட் பில் கட்டுவது ஓனர் இல்லையே! வெள்ளையடித்தால் கீழே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. தெர்மாகோல் தெரியும், வாடகையும் ஏறும்.

"கம்மி வாடகைக்கு ஏசியா கேட்பாங்க?" என்பார்கள். யாரும் ஏசி கேட்கவில்லை. ஒரு கோட் சுண்ணாம்பும் இரண்டு திறப்பும்தான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது? அங்கே சேருகிற சூடு எந்த வழியாக வெளியே போகிறது? பதில் இல்லையென்றால், அந்த சீலிங்குக்கு எதற்குக் கூடுதல் வாடகை?